வீட்டுமொழி பிள்ளைகளிடம் தங்குவதற்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெருநகரங்களில் குடியேறிய குடும்பங்களில் பெற்றோரின் மொழி பிள்ளைகளிடம் தங்காமல் போவதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களில் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. தமிழைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையினர் பேசும் மொழிகளுக்கு உரியவர்களும் உண்டு. மொழி வேறானாலும் வீட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பெற்றோரின் மொழியை வீட்டுமொழி என்றும், பள்ளியிலும் தெருவிலும் வழங்குவதை நகரமொழி என்றும் பொதுவாகவே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது. நானும் என் கணவரும் வீட்டில் எங்கள் மொழியில்தான் பேசுகிறோம். பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, நாங்கள் சொல்வதையெல்லாம் புரிந்துகொண்டாலும் பதிலை நகரமொழியில்தான் சொல்கிறான். வற்புறுத்தினால் மொழியையே வெறுத்துவிடுவானோ என்று அஞ்சி விட்டுவிடுகிறோம். இது போகப்போகத் தானாகச் சரியாகிவிடுமா?

பதில்: தானாகச் சரியாகாது, ஆனால் இந்த வயதில் முயன்றால் சரிசெய்யக்கூடியதே. உங்கள் மகன் பிடிவாதம் பிடிக்கவில்லை. எந்த மொழியில் கேட்டாலும் கேட்டது கிடைக்கிறது, எந்த மொழியில் சொன்னாலும் அம்மா காதுகொடுத்துக் கேட்கிறார் என்னும்போது, பகல் முழுவதும் பள்ளியில் பழகிய மொழியிலேயே அவன் தொடர்ந்து பேசுவது இயல்பு. ஆகவே அவன் நகரமொழியில் ஒன்றைச் சொன்ன அடுத்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜிய மொழியும் சேர்ந்து வழங்கும் வீடுகளை 1990களில் ஆராய்ந்த எலிசபெத் லான்சா என்ற மொழியியலாளர், அந்த அடுத்த நொடியைத்தான் நுணுகிப் பார்த்தார். சில பெற்றோர் புரியாததுபோல் ‘என்ன சொன்னாய்?’ என்று மறுபடி கேட்டனர். சிலர் குழந்தை சொன்னதைத் தம் மொழியில் ஊகித்து, ‘இதைத்தானே கேட்கிறாய்?’ என்று கேள்வியாகத் திருப்பினர். வேறு சிலர் அதே வாக்கியத்தை வீட்டுமொழியில் ஒருமுறை சொல்லிக்காட்டினர். மற்றவர்கள் எதுவும் நடவாததுபோல் பேச்சைத் தொடர்ந்தனர், அல்லது தாமும் குழந்தையின் மொழிக்கே மாறிக்கொண்டனர். முதல் இரண்டு முறைகளும் இங்கே வீட்டுமொழி எதிர்பார்க்கப்படுகிறது என்பதைக் குழந்தைக்கு உணர்த்துகின்றன. கடைசி இரண்டும் எந்த மொழியானாலும் சரிதான் என்று உணர்த்துகின்றன. பெரும்பாலான பெற்றோர் தம்மையறியாமல் கடைசி இரண்டில்தான் இருக்கிறார்கள்.

புரியாததுபோல் கேட்பது இரண்டு வயதுக் குழந்தையிடம் பலிக்கலாம். நீங்கள் ஆசிரியரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நகரமொழியில் பேசுவதைப் பார்த்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம் அது எடுபடாது. அம்மா பொய் சொல்கிறாள் என்றே அவன் நினைப்பான். அவனுக்கு ஊகித்துக் கேட்கும் முறை பொருந்தும். அவன் நகரமொழியில் தண்ணீர் கேட்டால், ‘சூடான தண்ணீர் வேண்டுமா, குளிர்ந்த தண்ணீர் வேண்டுமா?’ என்று வீட்டுமொழியில் கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்வதற்கு வேண்டிய சொல் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவன் அதை எடுத்துச் சொன்னால் போதும். இதில் வற்புறுத்தல் இல்லை, கண்டிப்பும் இல்லை, ஆனால் பதில் வீட்டுமொழியில் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பல பிள்ளைகள் வீட்டுமொழியில் பதில் சொல்லாததற்குக் காரணம் விருப்பமின்மை அன்று, சொல்லின்மை. பள்ளியில் நடந்த சண்டை, புதிதாகக் கற்ற கணக்கு, விளையாட்டின் விதிகள் எல்லாம் அவனுக்கு நகரமொழியில்தான் நிகழ்ந்திருக்கின்றன. வீட்டுமொழியோ சாப்பிடு, குளி, தூங்கு என்ற அளவில் நின்றுவிட்டது. எனவே அவன் உலகம் வளரும் வேகத்துக்கு வீட்டுமொழியும் வளர வேண்டும். பள்ளியில் அந்த வாரம் கோள்களைப் பற்றிப் படித்தால், அதே வாரம் கோள்களைப் பற்றி நீங்கள் வீட்டில் உங்கள் மொழியில் பேசுங்கள். அவன் ஏதோ ஒன்றை ஆர்வத்துடன் சொல்லிக்கொண்டிருக்கும்போது இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். சொல்லி முடிக்கட்டும், பிறகு நீங்கள் பேசும்போது சரியான வடிவத்தை இயல்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதும், விருந்தினர் முன்னால் ‘எங்கே, நம் மொழியில் பேசிக்காட்டு’ என்று நிறுத்திவைப்பதும் அன்பினால் செய்யப்படுபவைதாம். ஆனால் பேசத் தொடங்கிய பிள்ளைகளை மீண்டும் வாய்மூடவைப்பதில் இவற்றுக்கு இணையானது வேறில்லை.

கேள்வி: மகள் மழலையர் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். நகரமொழியில் பின்தங்கியிருப்பதால் வீட்டிலும் அதையே பேசுங்கள் என்று ஆசிரியை அறிவுறுத்துகிறார். எங்களுக்கோ அந்த மொழி அரைகுறையாகத்தான் தெரியும்.

பதில்: ஆசிரியை நல்லெண்ணத்துடனேயே சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த அறிவுரையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

நகரமொழி உங்கள் மகளுக்கு வந்தே தீரும். பள்ளி, தோழிகள், தொலைக்காட்சி, கடைத்தெரு என்று அவளைச் சுற்றியுள்ள எல்லாமே அதைக் கற்பிக்கின்றன. வீட்டுமொழியைக் கற்பிக்க உங்களைத் தவிர யாரும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் நீங்கள் பேசத் தொடங்கினால், உங்களால் கதை சொல்ல முடியாது, காரணம் விளக்க முடியாது, ஆறுதல்கூட முழுமையாகச் சொல்ல முடியாது. சுருங்கிப்போன பேச்சுத்தான் மிஞ்சும். அமெரிக்காவில் குடியேறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் திரட்டிய செய்திகளை 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லில்லி வாங் ஃபில்மோர் கண்டது இதைத்தான். மிகச் சிறு வயதிலேயே ஆங்கிலம் மட்டும் வழங்கும் முன்பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் வீட்டுமொழியை எளிதில் கைவிட்டனர். பின்னாளில் பெற்றோரும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளப் பொதுவான மொழியே இல்லாத வீடுகள் உருவாயின.

இரண்டு மொழிகள் பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்ற பழைய நம்பிக்கையும் இந்த அறிவுரைக்குப் பின்னால் இருக்கக்கூடும். 1962ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோரின் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாக அறிந்த பிள்ளைகள் ஒரே மொழி அறிந்தவர்களைவிட அறிவுத் தேர்வுகளில் பின்தங்கவில்லை, பலவற்றில் முந்தியே இருந்தனர். ஒரு மொழியில் கற்ற கருத்தை அடுத்த மொழியில் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை என்பதை இருமொழிக் கல்வி ஆய்வாளரான ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து வலியுறுத்திவந்திருக்கிறார். காரணம்-விளைவை வீட்டுமொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பள்ளியில் அதற்குரிய சொல் மட்டுமே புதிது. ஆசிரியையிடம் நீங்கள், ‘இந்த மாதம் என்னென்ன பாடம் நடக்கிறது என்று சொல்லுங்கள், அவற்றை எங்கள் மொழியில் வீட்டில் பேசிவிடுகிறோம்’ என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியுடன் உதவுவார்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருபவர் ஒரே மொழியில் பேசுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: பேச்சுத் தாமதத்தை முறையாகப் பரிசோதித்துப் பயிற்சி பெறுவதில் தாமதிக்காதீர்கள். அதே நேரத்தில், தாமதத்துக்கு இரண்டு மொழிகள்தாம் காரணம் என்ற முடிவை ஏற்காதீர்கள். மொழி வளர்ச்சியில் குறைபாடுள்ள பிள்ளைகளைக் கனடாவில் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் ஜோஹன்னே பாரடிஸ் முதலியோர் வெளியிட்ட முடிவில், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய இரண்டையும் பேசிய பிள்ளைகளின் சிரமம், அதே குறைபாட்டுடன் ஒரே மொழி பேசிய பிள்ளைகளின் சிரமத்தைவிடக் கூடுதலாக இல்லை. பரிசோதிப்பவரிடம் பிள்ளை இரண்டு மொழிகளிலும் சேர்த்து எத்தனை சொற்கள் சொல்கிறது என்று கணக்கிடச் சொல்லுங்கள். நகரமொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும்.

கேள்வி: நானும் என் மனைவியும் வெவ்வேறு மொழியினர். அவருடைய மொழிதான் இந்த நகரத்தின் மொழி. ‘ஆளுக்கு ஒரு மொழி’ என்ற முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் பிள்ளைக்கு இரண்டும் வந்துவிடும் என்கிறார்கள். அது உண்மையா?

பதில்: இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜூல் ரோன்ழா என்ற பிரெஞ்சு மொழியியலாளர், தாம் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் மட்டுமே பேசித் தம் மகனை வளர்த்ததை 1913ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அந்தப் பிள்ளைக்கு இரண்டு மொழிகளும் நன்றாகவே வந்தன. அதிலிருந்து ஆளுக்கு ஒரு மொழி என்பது மீறக்கூடாத விதிபோல் பரவிவிட்டது.

ஆனால் ஒரு குடும்பத்தை வைத்து எல்லாக் குடும்பங்களுக்கும் விதி வகுக்க முடியாது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், டச்சு அல்லாத மொழி ஒன்றும் வழங்கிய 1,899 குடும்பங்களைப் பற்றி ஆனிக் டி ஹவுவர் திரட்டி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட விவரங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டுமொழியைப் பேசவே இல்லை. பெற்றோர் இருவரும் வீட்டுமொழி மட்டுமே பேசிய குடும்பங்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டிலும், இருவரும் வீட்டுமொழி பேசி ஒருவர் மட்டும் டச்சும் சேர்த்துப் பேசிய குடும்பங்களில் 93 விழுக்காட்டிலும் பிள்ளைகள் வீட்டுமொழி பேசினர். ஆளுக்கு ஒரு மொழி என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் அது 74 விழுக்காடாக இருந்தது. இருவரும் இரண்டு மொழிகளையும் கலந்து பேசிய குடும்பங்களிலோ 79 விழுக்காடு. இருவரும் டச்சு பேசி ஒருவர் மட்டும் வீட்டுமொழியையும் சேர்த்துக்கொண்ட இடங்களில் 36 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

இந்த எண்களை நான் இப்படிப் படிக்கிறேன். மொழிகளைக் கலக்காமல் பிரித்துவைப்பதில் தனிப்பட்ட நன்மை ஏதும் இல்லை. நகரமொழி வெளியே தாராளமாகக் கிடைக்கும்போது வீட்டுக்குள்ளும் பாதி இடத்தை அதற்கே கொடுத்துவிடுகிறோமா என்பதுதான் கேள்வி. உங்கள் மனைவிக்கு உங்கள் மொழி தெரியாது என்றால் அவர் நாளையே அதில் பேச முடியாது. ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் கற்றுக்கொள்வது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். இப்போது மூவரும் சாப்பிட உட்காரும்போது, மனைவிக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நீங்கள் பிள்ளையிடமும் நகரமொழிக்கு மாறுகிறீர்கள் அல்லவா? குடும்பம் முழுவதும் ஒன்றாக இருக்கும் நேரமெல்லாம் அப்படித்தான் கைவிட்டுப் போகிறது. அவருக்குப் புரியும் என்ற நிலை வந்தால், அவர் தம் மொழியில் பேச, நீங்கள் உங்கள் மொழியில் பேச, உணவு மேசையில் இரண்டுக்கும் இடம் இருக்கும். குழந்தைப் பேச்சு எளியது. குழந்தையுடன் சேர்ந்து முதலிலிருந்து கேட்டுவரும் ஒருவருக்கு ஓரிரு ஆண்டுகளில் அது பிடிபடுவது கடினமன்று. பிறகு அடுத்த குழந்தை பிறக்கும்போது மற்றொரு எச்சரிக்கையும் தேவைப்படும். மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து நகரமொழியை வீட்டுக்குள் கொண்டுவந்து தம்பி தங்கையுடன் அதில்தான் விளையாடும். இளையவர்களிடம் மொழி இன்னும் விரைவாகத் தேய்வதற்குப் பெரிதும் இதுவே காரணம் என்பதால், மூத்த பிள்ளையுடன் வீட்டுமொழியில் நிகழும் விளையாட்டுகளையும் கதைகளையும் அப்போதே வழக்கமாக்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வேலைக்குச் செல்வதால் பேச நேரம் குறைவு. எங்கள் மொழியில் வரும் குழந்தைப் பாடல் காணொளிகளைப் போட்டுவிட்டால் குழந்தை கற்றுக்கொள்ளாதா?

பதில்: கைக்குழந்தை கற்றுக்கொள்ளாது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் பட்ரிசியா கூல் குழுவினர் நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், 12 அமர்வுகளில் சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிய குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கக் கற்றன. அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகளிடம் எந்தப் பயனும் தென்படவில்லை. சற்று வளர்ந்த பிள்ளைக்கு, நீங்கள் அருகில் அமர்ந்து பார்த்ததைப் பற்றிப் பேசினால் காணொளி பயன்படும். திரையைப் பயன்படுத்துவதானால் தாத்தா பாட்டியுடன் நேருக்கு நேர் பேசும் காணொளி அழைப்புக்குப் பயன்படுத்துங்கள். அதில் மறுமுனையில் இருப்பவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் வாய் ஓயாமல் பேசுவதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை.

கேள்வி: ஏழு வயது மகளை ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேர மொழி வகுப்புக்கு அனுப்புகிறோம். எழுத்துகளைப் படிக்கிறாள்; பேச வருவதில்லை. வகுப்பை வெறுக்கவும் தொடங்கிவிட்டாள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்துவதற்கு முன்பு அந்த வகுப்பிடம் நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை வாரத்தில் விழித்திருக்கும் நேரம் 90 மணிக்கும் மேல். அதில் இரண்டு மணி நேரம், மற்றெல்லா மணி நேரங்களிலும் பேசப்படாத ஒரு மொழியைப் பேசவைத்துவிடாது. பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவளுடன் நகரமொழியில் பேசிக்கொண்டு வரும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அக்கறையில் ஐயமில்லை. ஆனால் வகுப்பை ஏற்பாடு செய்ததோடு தம் பங்கு முடிந்தது என்ற நிம்மதி அவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் என்னை வருத்துகிறது.

இதற்குச் சிங்கப்பூரைவிடத் தெளிவான சான்று தமிழர்களுக்குத் தேவையில்லை. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் அரசே அதைப் பாடமாகக் கற்பிக்கிறது. தமிழ் வானொலி உண்டு, தொலைக்காட்சி உண்டு, 1935ஆம் ஆண்டு முதல் வரும் நாளிதழும் உண்டு. உலகின் வேறெந்தப் பெருநகரிலும் குடியேறிய தமிழரின் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஏற்பாடுகள் வாய்ப்பது அரிது. ஆயினும் அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் 36.7 விழுக்காடாக இருந்து 2020ஆம் ஆண்டில் 27.9 விழுக்காடாகக் குறைந்தனர். அதே பத்தாண்டுகளில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக உயர்ந்தனர். பள்ளியும் அரசும் முழு ஆதரவு தந்தாலும் வீட்டுப் பேச்சு மாறுவதை அவற்றால் தடுக்க முடிவதில்லை.

இப்படிச் சொல்வதால் வகுப்பு வீண் என்று பொருளில்லை. பெற்றோரால் எளிதில் தர முடியாத இரண்டை அது தருகிறது. ஒன்று, எழுத்தறிவு. படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டுப் பேச்சில் வராத சொற்கள் புத்தகத்தில் கிடைக்கின்றன. மற்றொன்று, தன் வயதுத் தோழமை. இந்த மொழியைப் பேசுபவர்கள் வயதானவர்கள் மட்டுமல்லர், தன்னைப் போன்ற பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதை அவள் கண்ணால் பார்க்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எனவே வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, அல்லது இரண்டு மணி நேரமும் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்களா? இடைவேளையில் எந்த மொழி ஒலிக்கிறது? நாடகம், விளையாட்டு, சேர்ந்து சமைப்பது என்று வாய்திறக்க வேண்டிய வேலைகள் உண்டா?

தமிழ் போலப் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி மிகுந்த மொழியாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் ‘வந்தாச்சு’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை அதை வகுப்பில் சொல்லும்போது, ‘தவறு, வந்துவிட்டது என்று சொல்’ என்று திருத்தப்பட்டால், தனக்குத் தெரிந்த கொஞ்சமும் தவறுதான் என்று அவள் முடிவுசெய்துவிடுவாள். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, நல்ல பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்த அனுபவத்தால்தான். உங்கள் மகளின் வகுப்பு இரண்டையும் மதிக்கும் வகுப்பாக இல்லையென்றால், வகுப்பை மாற்றுங்கள். மாற்ற வழியில்லையென்றால் ஆசிரியரிடம் பொறுமையாகப் பேசிப்பாருங்கள். அவர்களில் பலர் ஊதியமின்றித் தொண்டாக வருபவர்கள் என்பதை மறவாமல் பேசுங்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகள், ‘என் தோழிகள் எதிரில் நம் மொழியில் பேசாதீர்கள்’ என்கிறாள். நெஞ்சு பொறுக்கவில்லை.

பதில்: பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் அவளுக்குத் தோழிகளோடு ஒன்றி நிற்பதே பெரிது. பெற்றோரின் உடையும் நடையும்கூட அவளைக் கூசவைக்கலாம். தோழிகள் எதிரில் அவளுடைய விருப்பத்துக்கு இணங்குங்கள். வீட்டில் உங்கள் மொழியை விடாதீர்கள். ‘இத்தனை தொன்மையான மொழி, இதற்காக எத்தனை பேர் பாடுபட்டார்கள்’ என்று கடன்பத்திரம் நீட்டுவதுபோல் பேசினால் அவள் மேலும் விலகுவாள். தன் வயதையொத்த அத்தை மகள், சித்தி மகன் ஆகியோருடன் அவளுக்குத் தனித் தொடர்பு இருக்கட்டும். அவர்களுக்கு அவள் நகரமொழியின் எழுத்தைக் கொண்டு வீட்டுமொழியில் செய்தி அனுப்பினாலும் குறை சொல்லாதீர்கள். மொழி அங்கே உயிரோடு இருக்கிறது, எழுத்தைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்குக் கதை படித்துக்காட்டும் பொறுப்பை அவளிடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இதில் விரைவான பலனை நான் உறுதிகூற மாட்டேன்.

கேள்வி: எனக்கு இருபத்தாறு வயது. பெற்றோர் என்னிடம் நகரமொழியிலேயே பேசி வளர்த்தார்கள். பாட்டி பேசியதைக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. விரைவில் எனக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. இனிக் கற்று என் குழந்தைக்குத் தர முடியுமா?

பதில்: முடியும். பாட்டியின் பேச்சு உங்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதைக் குறைத்து எண்ணாதீர்கள். சிறுவயதில் ஸ்பானிய மொழியைப் பேசாமல் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், பெரியவர்களான பின் அதை வகுப்பில் கற்றபோது, முற்றிலும் புதிதாகக் கற்றவர்களைவிடத் தாய்மொழியினருக்கு நெருக்கமாக ஒலித்தனர் என்று டெரி அவ் முதலியோர் 2002ஆம் ஆண்டில் எழுதினர். கைக்குழந்தைப் பருவத்தில் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண்பிள்ளைகளை மான்ட்ரியலில் ஆராய்ந்தபோது, சொல்லின் பொருளையே மாற்றும் சீனமொழியின் சுருதி வேறுபாடுகளுக்கு அவர்கள் மூளை சீனமொழி அறிந்தவர்களின் மூளையைப் போலவே இயங்கியது 2014ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவர்களுக்கு அம்மொழியில் ஒரு சொல்கூட நினைவில்லை. இதற்கு மாறான முடிவும் உண்டு: கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துக்கொடுக்கப்பட்டுக் கொரிய மொழியை முற்றிலும் மறந்துவிட்ட பெரியவர்களிடம் அத்தகைய தடம் எதுவும் 2003ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் தென்படவில்லை. ஆகவே அடிப்படை இருக்கிறது என்று நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது. உழைத்தே மீட்க வேண்டும்.

பெற்றோரைக் குறைகூறுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அவர்களும் ஓர் ஆசிரியையின் அறிவுரையைக் கேட்டவர்களாகவே இருக்கலாம். இன்றிலிருந்து உங்களுடன் வீட்டுமொழியில் பேசும்படி அவர்களிடம் கேளுங்கள். பேரக்குழந்தையிடம் அவர்கள் அந்த மொழியில் மட்டும் பேசட்டும். நீங்கள் குழந்தைக்கு ஓர் அடி முன்னே சென்றால் போதும்: முதல் ஆண்டுக்குத் தாலாட்டும் கொஞ்சலும், அடுத்த ஆண்டுக்கு உடலுறுப்பும் உணவும் விளையாட்டும் என்று, குழந்தைக்கு வேண்டியதை வேண்டும்போது கற்றுக்கொண்டே வரலாம். பிழையோடு பேசுவதற்கு வெட்கப்படாதீர்கள். பிழையைத் திருத்தத் தாத்தா பாட்டி இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மொழிக்கு எழுத்தும் இல்லை, பாடநூலும் இல்லை. இந்த நகரத்தில் அதைப் பேசும் குடும்பங்கள் பத்துக்குள்தான் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கும் வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் நிலையில் இருப்பவர்கள் நீங்கள் மட்டுமல்லர். நியூயார்க் நகரில் மட்டும் 700க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுவதாக அங்கே 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும் அழிநிலை மொழிகளுக்கான கூட்டமைப்பு பதிவுசெய்திருக்கிறது. அவற்றில் பல, சில குடும்பங்களிடம் மட்டுமே இருப்பவை.

தேயும் மொழிகளை மீட்பது குறித்து 1991ஆம் ஆண்டில் விரிவாக எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், எட்டுப் படிநிலைகளை வகுத்து, அவற்றில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மொழி கைமாறும் நிலையே உயிர்நிலை என்றார். பள்ளி, ஊடகம், அரசு அலுவலகம் எல்லாம் அதற்கு மேலே கட்டப்படுபவை. எழுத்தும் பாடநூலும் இல்லாத உங்களுக்கு, உயிர்நிலைக்கு வேண்டியவை எல்லாம் இப்போதே இருக்கின்றன: பேசும் பெரியவர்கள், கேட்கும் பிள்ளைகள்.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் இதைத்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்கள் பெருந்திரளாக நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, ஒரு தலைமுறைக்குள் பிள்ளைகளின் வாயிலிருந்து மொழி விலகிவிட்டது. நடுவிலுள்ள பெற்றோருக்கு மொழி தெரியாது. தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். 1982ஆம் ஆண்டில் வெலிங்டன் அருகிலுள்ள வைனுயியோமாட்டா என்ற ஊரில், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை முதியவர்களிடம் ஒப்படைத்து, அவர்கள் மவோரியில் மட்டுமே பேசும் ‘மொழிக்கூடு’ ஒன்றைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் பரவியது. மவோரிக்கு அந்நாட்டில் ஆட்சிமொழித் தகுதி 1987ஆம் ஆண்டில்தான் வந்தது. கூடுகள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன என்பதைக் கவனியுங்கள். அரசின் அங்கீகாரத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

பத்துக் குடும்பங்களில் பள்ளிக்குச் செல்லாத குழந்தைகள் நால்வர் இருந்தாலும் நீங்கள் தொடங்கலாம். வாரத்தில் சில நாட்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில், மொழி நன்கு தெரிந்த ஒரு பெரியவரின் பொறுப்பில் அவர்கள் சேர்ந்து விளையாடட்டும். பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் பாடல்களையும் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, யார், எப்போது, எதைச் சொன்னார் என்று குறித்துவையுங்கள். நாளை எழுத்துமுறை ஒன்றை அமைக்க விரும்பினால் அந்தப் பதிவுகளே மூலமாக அமையும். அதுவரை, கதைகளை எழுத உங்களுக்குத் தெரிந்த எந்த எழுத்தையும் பயன்படுத்தலாம். முதல் சந்திப்புக்கு முன்பு ஒன்றை மட்டும் எல்லாக் குடும்பங்களும் கூடிப் பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மாரும் தந்தைமாரும் வாசலில் நின்று தங்களுக்குள் நகரமொழியில் பேசிக்கொண்டால், உள்ளே விளையாடும் பிள்ளைகளும் சில வாரங்களில் அதற்கே மாறிவிடுவார்கள். ஆகவே வீட்டுமொழியில் மட்டுமே பேசுவது என்ற விதி பிள்ளைகளுக்கு முன்பாகப் பெரியவர்களுக்கு இருக்கட்டும்.